நாளொன்றுக்கு நாற்பது பேர்

அமலி செத்து ஏழரை வருசம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலையில் மியூசியம் பார்க்க வந்து, வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதி, கூடவே ஒரு குறையும் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தாள்.

அவள் புருசன் மரியஅந்தோணிக்கு இந்தச் சேதி தெரிந்தது சனிக்கிழமை. அவர் பாட்டுக்கு இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மியூசியத்து ஜன்னல்களுக்குத் திரைச்சீலை அளவெடுக்கப் போனவர். மாதா கோயில் வீதியில் முப்பது வருசமாகத் தையல்கடை. ஊரில் பாதிப் பேரின் இடுப்பளவு அவருக்கு மனப்பாடம். "செகரட்டரி வந்து எந்த ஜன்னல்னு கையைக் காட்டோணுங்க, அதுவரைக்கும் உக்காருங்க" என்று கிளார்க் பாலகோபால் சொன்னதால் உட்கார்ந்தார். உட்கார்ந்த மனுசன் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். மேசைமேல் கிடந்த பெரிய பதிவேட்டைப் புரட்டிவிட்டார்.

பதினேழாவது வரி. அமலி, க/பெ மரியஅந்தோணி, வயது 44, மாதா கோயில் வீதி, நொய்யல்புதூர். 'பார்வையாளர் கருத்து' என்ற கட்டத்தில் ஒரே வார்த்தை: மூச்சுத்திணறல்.

அந்தோணி வரியை மறுபடியும் படித்தார். அந்த வீதியில் அந்தப் பெயரில் வேறு அமலி கிடையாது. வயசும் சரி. செத்த அன்றைக்கு அவளுக்கு நாற்பத்திநாலுதான்.

"ஏனுங்க பாலகோபால்... இந்தப் பொம்பளை வந்தாங்களா?"

பாலகோபால் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "எழுதியிருக்குதுல்லீங்க? எழுதியிருந்தா வந்திருப்பாங்க."

அன்றைக்கு அந்தோணி அளந்த ஒன்பது ஜன்னல்களில் ஏழு அளவு தப்பு.

அமலி வாழ்நாளில் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. மில்லில் ரீலிங் டிபார்ட்மெண்டில் நூல் சுற்றுகிற வேலை. பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இறங்கி மூச்சு விசில் அடிக்கும். அந்த மூச்சோடு வருசா வருசம் கேட்பாள்: "இந்த வருசமாச்சும் கோயமுத்தூர் பொருட்காட்சிக்குக் கூட்டிட்டுப் போங்க மாமா." அவர் சொல்வார்: "கிறிஸ்மஸ் துணி முடியட்டும் அம்மணி." கிறிஸ்மஸ் துணி முடிந்தால் பொங்கல் துணி. 1989 டிசம்பரில் பக்கத்து வீட்டுக்காரி கடைக்கு ஓடிவந்து, "அமலிக்கு இழுப்பு வந்துபோட்டுதுங்க, வாங்க" என்றாள். அந்தோணி மிசினில் கையை வைத்துக்கொண்டே, "இந்தத் தையல் ஒண்ணு ஓட்டிப்போட்டு வாரேன்" என்றார். ஓட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அந்த ஒரு தையலை அவர் இன்னும் பிரித்துக்கொண்டே இருக்கிறார்.

இப்போது அவளே தனியாகக் கிளம்பி மியூசியம் பார்க்க வந்திருக்கிறாள்!

இந்த மியூசியம் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கும் அளவு தப்பிப்போகும். கோயமுத்தூர் பஸ்ஸெல்லாம் நின்று போகிற ஊர் நொய்யல்புதூர். அதைத் தாண்டி அதற்கு ஒரு பெருமையும் இல்லை. இந்தக் குறையைப் போக்க நகராட்சி கமிஷனர், 'கொங்கு வாழ்வியல் அறக்கட்டளை' என்ற லாப நோக்கமற்ற அமைப்போடு நாற்பத்தொரு பக்க ஒப்பந்தம் போட்டார். கட்டடம் நகராட்சிக்கு, காட்சிப்பொருள் அறக்கட்டளைக்கு. சுவர் நகராட்சிக்கு, சுவரில் அடிக்கிற ஆணி அறக்கட்டளைக்கு, ஆணியால் சுவரில் விழுகிற ஓட்டை இருவருக்கும் பொது. பல்பு நகராட்சியுடையது. பல்பிலிருந்து வருகிற வெளிச்சம் அறக்கட்டளையுடையது. இப்படி நாற்பத்தொரு பக்கம். அதில் முப்பதாவது பக்கத்தில் ஒரு விதி: நாளொன்றுக்கு நாற்பது பார்வையாளர்கள் வருகை புரிய வேண்டும், தவறினால் ஒப்பந்தம் ரத்து.

பழைய பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்கு வெள்ளையடித்து, 1997 பொங்கலுக்குத் திறந்தார்கள். உள்ளே சென்னிமலைப் போர்வை ஒன்று, ஆனைமலைப் பக்கத்திலிருந்து வந்த கதவு ஒன்று, ஈரோட்டு மஞ்சள் ஒரு மூட்டை. அடியில் 'மஞ்சள்' என்று அட்டை. மூட்டையைத் தினமும் வீட்டில் பார்க்கிற ஜனம் இலவசமாகக்கூடப் பார்க்க வரவில்லை. மூன்றாவது அறையில் மூடிப்போன மில்லிலிருந்து கொண்டுவந்த ரீலிங் மிசின். அட்டையில் 'பெண்கள் மகிழ்ச்சியுடன் பாடிக்கொண்டே பணியாற்றிய இயந்திரம்' என்று எழுதியிருந்தது. அமலி நின்ற மிசின் அது. அவள் பாடி அந்தோணி கேட்டதில்லை. பாட மூச்சு வேண்டுமே!

அன்றிலிருந்து அந்தோணி தினமும் மியூசியத்துக்குப் போனார். மற்றவர்கள் யாராவது வழிதவறி வந்தால், "இன்னைக்கு நாற்பது பேர் ஆகிப்போச்சுங்க, நாளைக்கு வாங்க" என்று பாலகோபால் கும்பிட்டு அனுப்பிவிடுவார். நாளைக்கும் அதே பதில்தான். அந்தோணியிடம் திரைச்சீலை இருந்ததால் விட்டார். ஒன்பது ஜன்னல் திரையை அந்தோணி நாலு மாதம் தைத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையைப் பாதியில் சாத்திவிட்டு பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டார். "சாமி, உத்தரிக்கிற ஸ்தலத்துல இருக்கற ஆத்துமா வெளியில வருமுங்களா?"

சாமியார் கொஞ்சம் யோசித்தார். "பாவம் தீர்ற வரைக்கும் அங்க காத்திருக்கணும் அந்தோணி. எத்தனை நாள்னு நமக்குத் தெரியாது. நாம ஜெபம்தான் பண்ண முடியும்."

யோசித்துப் பார்த்தால் நகராட்சியும் அதைத்தான் சொல்கிறது என்று அந்தோணிக்குத் தோன்றியது. அவள் ஆத்துமாவுக்காக ஒரு பூசைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். அந்த வாரமே அமலி மறுபடியும் வந்திருந்தாள். கருத்து: மூச்சுத்திணறல்.

அமலி மட்டுமா? பதிவேடு முழுக்க ஒரே முனகல். காய்ச்சல். நெஞ்சுவலி. வயிற்றுப்போக்கு. பாம்புக்கடி. அறக்கட்டளைக்காரர்கள் சும்மா சொல்லக்கூடாது, குறையென்று ஒன்றைக் கேட்டால் உடனே செய்கிறவர்கள். பாம்புக்கடி என்று ஆறு பேர் எழுதிய மறுநாள் வளாகத்தில் புல் வெட்டினார்கள். 'கிணற்றில் தவறி விழுந்து' என்று ஒருவர் எழுத, பின்னாலிருந்த கிணற்றுக்குக் கம்பிவலை போட்டார்கள். 'மூப்பு' என்று எழுதியவர்களுக்காகப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் சரிவு கட்டினார்கள். 'தெரியவில்லை' என்று பலர் எழுதியதால் இன்னும் பன்னிரண்டு பல்பு மாட்டினார்கள். வயிற்றுப்போக்குக்காரர்களை உத்தேசித்து, பெருக்குகிற பழனியாத்தாள் தினமும் காலையில் நாற்பது தம்ளரில் தண்ணீர் ஊற்றி வரிசையாக வைக்க வேண்டும் என்று உத்தரவு.

பழனியாத்தாளும் அந்த மில்லில் ரீலிங்கில் நின்றவள்தான், அமலிக்குப் பக்கத்து மிசின். ஒரு நாள் அந்தோணியை ஓரமாகக் கூப்பிட்டாள். "அண்ணா, இந்தத் தம்ளரைப் பாருங்க. காலைல வாய் வரைக்கும் ஊத்தறேன். பொழுதோட வந்து பாத்தா ஒரு விரக்கடை கொறஞ்சிருக்குது. ஒரு ஈ காக்கா உள்ள வர்றதில்லை."

"வெயிலுக்குக் காஞ்சிருக்கும்."

"மழை பேஞ்ச அன்னைக்கும் கொறையுதுங்களே!"

அந்தோணிக்குப் பயம்தான். ஆனால் ஓடவில்லை. பயந்தவன் ஓடலாம், பார்க்க ஆசைப்பட்டவன் எங்கே ஓடுவது?

ஆகஸ்டில் மூன்றாவது அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் வந்தது. ஒன்றல்ல, ஆறு. மூச்சுத்திணறல் என்று அறுபத்துமூன்று பேர் எழுதியிருந்தார்களாம். சரியாக ரீலிங் மிசினுக்கு மேலே மாட்டினார்கள். ஆறும் சேர்ந்து சுற்றும்போது, சுற்றாத மிசினில் மாட்டியிருந்த நூல் மெல்ல ஆடும்.

செப்டம்பரில் ஒரு நாள் அந்தோணி பத்தேகாலுக்கு உள்ளே நுழைந்தார். மேசையில் ஆளில்லை. பதிவேட்டில் அன்றைய பக்கம். கடைசி வரியில் அமலி. விரலை வைத்தார். மை ஒட்டியது. இன்னும் காயவில்லை!

மாதாவே! உள்ளேதான் இருக்கிறாள்!

"அமலி!" என்று கத்திக்கொண்டே ஓடினார். முதல் அறை, போர்வை. இரண்டாவது அறை, மஞ்சள் மூட்டை. மூன்றாவது அறையில் ஆறு ஃபேனும் சுற்றிக்கொண்டிருந்தன. அவர் தைத்த திரை உள்பக்கமாகப் பொம்மி நின்றது, யாரோ அதற்குப் பின்னால் நிற்கிற உயரத்துக்கு. அந்தோணி அதை விலக்கினார். ஜன்னல். அதற்கு வெளியே நகராட்சிச் சுவர். மிசின்மேல் சாய்ந்துகொண்டு அறுபதை நெருங்கிய அந்த மனுசர் குலுங்கிக் குலுங்கி அழுதார். "கொஞ்ச நேரம் நின்னிருக்கக் கூடாதா அம்மணி? வந்துட்டேனே!"

மறுநாள் கடையைத் திறக்கவேயில்லை. ஒன்பதரைக்கே போய், வாசல் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அவள் எப்போது வந்தாலும் முகத்தையாவது பார்த்துவிட வேண்டும்.

வந்தது பாலகோபால். பின்னறையைத் திறந்து, பழுப்பேறிய ஒரு காகிதக் கட்டை எடுத்துத் தூசி தட்டினார். மேசைக்கு வந்தார். கட்டைப் பிரித்து இடதுபக்கம் வைத்தார், வருகைப் பதிவேட்டை வலதுபக்கம் வைத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இதிலிருந்து பார்த்து அதில் எழுத ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு. மூன்று.

அந்தோணி அருகில் போய் நின்றார். இடதுபக்கத்தில் இருந்தது இறப்புப் பதிவேடு, 1989. பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், வயது, முகவரி, இறப்புக்கான காரணம். ஐந்து கட்டம். வருகைப் பதிவேட்டிலும் ஐந்து கட்டம்தான்.

பாலகோபால் தலையைத் தூக்கிப் பார்த்தார். பேனாவை வைத்தார். "உக்காருங்க" என்றார்.

"என்ன காரியம் பண்ணிப்போட்டீங்க?"

"வேற என்ன பண்றதுங்க? நாற்பது பேருக்கு நான் எங்க போவேன்? உசுரோட இருக்கறவங்க பேரை எழுதுனா அது மோசடிங்க. நாளைக்கு ஒருத்தன் வந்து, நான் வரவேயில்லைன்னு சொல்லிப்போடுவான். இவங்க யாரும் அப்படி வந்து சொல்ல மாட்டாங்க. மத்த வருசமெல்லாம் கையெழுத்துப் புரியறதில்லை. எம்பத்தொம்பது நானே எழுதுனது. அதான் அடிக்கடி எடுக்கறேன்."

அந்தோணிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இதே கட்டடம், இதே மேசை, இதே கண்ணாடி. 'காரணம்?' என்று இதே குரல் கேட்டது. 'மூச்சுத்திணறலுங்க' என்று அவரேதான் சொன்னார்.

அவள் வரவே இல்லை. நாலு மாதமாக வந்ததும் இல்லை, போனதும் இல்லை. கோபம் வருவதற்குப் பதிலாக, அந்தோணிக்கு இரண்டாவது முறை பொண்டாட்டி செத்த மாதிரி இருந்தது. கடைசியில் சொன்னார்: "அவ பேரை அடிச்சிருங்க. நிம்மதியா இருக்கட்டும்."

"அடிக்கிற அதிகாரம் எனக்கில்லீங்க. பேப்பர் நகராட்சிக்கு, எழுத்து அறக்கட்டளைக்கு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடோணும்."

முதலில் அறக்கட்டளைச் செயலாளர் பங்காருவிடம் போனார். பங்காரு அந்த மில்லில் இருபத்திரண்டு வருசம் மேனேஜராக இருந்தவர். மில்லை மூடிய பிறகு மரபைக் காப்பாற்ற வந்துவிட்டார். மேசைமேல் கலர் கலராக ஒரு வரைபடம். அந்தோணி விசயத்தைச் சொன்னதும் ஆச்சரியமே படவில்லை.

"செத்தவங்களா? அது நகராட்சி சமாச்சாரமுங்க. எங்க ரெக்கார்டுல அவங்க வந்திருக்காங்க. சும்மா வரலை, கருத்துச் சொல்லியிருக்காங்க! நான் மில்லுல எத்தனை மனு பாத்திருப்பேன்! உசுரோட இருக்கறவங்க குறை சொல்ல ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்க. இன்னைக்கு ஃபேன் கொடுத்தா நாளைக்கு ஜன்னல் கேப்பாங்க. அதனால நான் எதையும் பிரிச்சே பாக்கறதில்லை. ஆனா இந்த விசிட்டர்ஸைப் பாருங்க. ஒரே வார்த்தை. கேட்டதைச் செஞ்சா மறுபடியும் வந்து தொந்தரவு பண்றதும் இல்லை. ஜனங்க இப்படி இருந்தா நாடு எப்பவோ முன்னேறியிருக்குமுங்க."

"மறுபடியும் மறுபடியும் வந்திருக்காங்களே."

"அது நம்ம சேவை புடிச்சுப் போயிங்க."

அடுத்து கமிஷனர். அவர் வெளியூர்க்காரர், எதையும் எழுந்து நின்று பேசுவது போலவே உட்கார்ந்தும் பேசுவார். "நகராட்சிப் பதிவேட்டின்படி உங்கள் மனைவி இறந்துவிட்டார். அதை நாங்கள் மறுக்கவே இல்லை. அதன்பிறகு அவர் எங்கே போகிறார், எதைப் பார்க்கிறார் என்பதில் இந்த நிர்வாகம் தலையிடாது. இறந்தவர்கள் அருங்காட்சியகத்துக்கு வரக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எந்த விதியும் இல்லை. பெயரை நீக்க வேண்டுமானால் சம்பந்தப்பட்ட பார்வையாளர் நேரில் வந்து விண்ணப்பிக்கலாம்."

"நேர்ல எப்படிங்க வருவா?"

"இதுவரை பதினோரு முறை வந்திருக்கிறாரே!"

அந்தோணி வெளியே வந்து நகராட்சி வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்றார். போகிற வருகிறவர்களின் இடுப்பளவெல்லாம் தெரிந்தது, ஒருவரிடமும் சொல்லி அழ முடியவில்லை.

அக்டோபர் கடைசியில் பாலகோபால் கடை தேடி வந்தார். முகத்தில் ஒரு பூரிப்பு. "பத்தாயிரமாவது பார்வையாளருக்கு விழா எடுக்கறாங்க. சேர்மன் வர்றாரு, சால்வை, குத்துவிளக்கு எல்லாம் உண்டு. பத்தாயிரமாவது வரியை எங்கையில உட்டுட்டாங்க. உங்களைக் கஷ்டப்படுத்திப்போட்டமேன்னு மனசு உறுத்திட்டே இருந்துச்சு. அதான் அந்த எடத்துல உங்கூட்டம்மாவை வெச்சுப்போட்டேன்."

அந்தோணி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார், கையில் இருந்தால் என்ன செய்வோமோ என்ற பயத்தில். "எப்பங்க விழா?"

"நவம்பர் ரெண்டு. ஞாயித்துக்கிழமை."

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அன்றைக்கு ஊர்க் கிறிஸ்தவர்கள் எல்லாரும் கல்லறைக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டுபோவார்கள். ஏழு வருசத்தில் அந்தோணி ஒரு முறைகூடத் தவறியதில்லை.

செத்தவள் மேடையேற முடியாது என்ற சின்னச் சிக்கலை நிர்வாகம் அரை நாளில் தீர்த்துவிட்டது. பழனியாத்தாளுக்கு வயசு ஒத்துவருகிறது, அவள் அமலியாக ஏறட்டும், புருசன் பக்கத்தில் நின்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அந்தோணி முடியவே முடியாது என்றார். கமிஷனர் அவரைத் தனியே அழைத்தார். "மேடையில் நில்லுங்கள். விழா முடிந்ததும் பெயர் நீக்க உத்தரவில் இருவரும் கையெழுத்துப் போடுகிறோம்." அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அந்தோணி மசிந்தார். விடியற்காலையிலேயே கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றி, "மன்னிச்சுக்க அம்மணி, இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்க" என்று சொல்லிவிட்டு விழாவுக்கு வந்தார்.

சேர்மன் பேசினார். "அமெரிக்காக்காரன் மியூசியத்துக்குக்கூட இப்படி ஜனங்க வர மாட்டாங்க! கூட்டம் வர்றதே கண்ணுக்குத் தெரியறதில்லை. அவ்வளவு ஒழுங்கு! ஒரு சத்தம் கிடையாது, ஒரு குப்பை கிடையாது!" கைதட்டல். கமிஷனர், இந்த நகராட்சி பிறப்பு முதல் இறப்பு வரை மட்டுமல்ல, அதற்கு அப்பாலும் மக்களோடு இருக்கும் என்றார். அதற்கும் கைதட்டல். மியூசியம் திறந்ததிலிருந்து உயிருள்ள கூட்டம் உள்ளே வந்தது அன்றைக்குத்தான்.

"திருமதி அமலி!" என்று மைக்கில் கூப்பிட்டார்கள்.

அந்தப் பெயரை அத்தனை சத்தமாக யாரும் அதுவரை சொன்னதில்லை. பழனியாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையேறினாள். சால்வையைப் பங்காரு போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். "ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா, நன்றின்னு சொன்னாப் போதும்" என்று மைக்கைத் தந்தார்கள்.

பழனியாத்தாள் மைக்கைப் பார்த்தாள். பங்காருவைப் பார்த்தாள். பிறகு, அந்தோணி எட்டு வருசமாகக் கேட்காத ஒரு தினுசில், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

"வணக்கமுங்க. நான் அமலி பேசறேனுங்க. ரீலிங்ல பதினெட்டு வருசம் நின்னேன். பஞ்சு நெஞ்சடைக்குது, ஒரு ஃபேன் போட்டுக் குடுங்கன்னு மேனேஜரய்யாவுக்கு ஒம்பது மனு எழுதுனேனுங்க. எழுதத் தெரியாதவங்களுக்கும் சேத்து நான்தான் எழுதுவேன். அப்பப் போடலீங்க. நான் செத்துப்போனேன். இப்ப அதே மிசினுக்கு மேல ஆறு ஃபேன் போட்டிருக்கறீங்க. காத்து நெம்ப நல்லா வருதுங்க. நன்றிங்க."

முதலில் கைதட்டியவர் பங்காருதான். கண்கலங்கிவிட்டது அவருக்கு. மைக்கை வாங்கி, "பாத்தீங்களா? மனு குடுத்தா வீண்போகாது! கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும், அவ்வளவுதான்!" என்றார். அவர் மனசார சொன்னார், அதுதான் வேடிக்கை.

விழா முடிந்து எல்லாரும் காப்பிக்கும் கேசரிக்கும் போனார்கள். அந்தோணி கமிஷனரிடம் போய் உத்தரவைக் கேட்டார். கமிஷனர் வருத்தத்தோடு தலையாட்டினார். "ஆயிரம் பேர் முன்னால் மேடையேறி சால்வை வாங்கிய பெண்மணி. போட்டோ இருக்கிறது. அவர் பெயரை எப்படி ஐயா அடிப்பது?"

அந்தோணி மியூசியத்துக்கு உள்ளே போனார். யாரும் இல்லை. முதல் அறையின் வாசலில் நின்று, பக்கத்தில் ஒரு ஆள் நுழைகிற அளவு இடம் விட்டு, "வா" என்றார். மெல்ல நடந்தார். "இது சென்னிமலைப் போர்வை. நம்மூட்டுல இருந்ததே, அதைவிடச் சின்னது." "இது மஞ்சளாம். எழுதி வெச்சிருக்காங்க பாரு." அவளுக்கு மூச்சு வாங்கும் என்று ஒவ்வொரு அறையிலும் நின்று நின்று போனார். மூன்றாவது அறையில் ஆறு ஃபேன்களுக்கும் கீழே, மிசின்மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

வெளியே வரும்போது மேசையில் பதிவேடு திறந்து கிடந்தது. பத்தாயிரமாவது வரியில் அமலி. இத்தனை மாதம் தினமும் வந்தவர் அந்தோணி ஒருவர்தான், அவரை யாரும் கையெழுத்துப் போடச் சொன்னதில்லை. பேனாவை எடுத்து அவள் பெயருக்கு நேர் கீழே எழுதினார். மரியஅந்தோணி, த/பெ சவரிமுத்து, வயது 58, மாதா கோயில் வீதி. கருத்து என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது. பிறகு எழுதினார்: வர லேட்டாயிருச்சு.

டிசம்பரில் சென்னையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். விழாப் போட்டோ பேப்பரில் வந்ததைப் பார்த்து யாரோ மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டார்கள். இரண்டு பதிவேடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்த அதிகாரிக்கு வியர்த்துவிட்டது. ஆனால் கமிஷனருக்கு வியர்க்கவில்லை. இது வருகைப் பதிவேடே அல்ல, பழைய இறப்புப் பதிவேடுகள் பூச்சி அரித்துவிடாமல் இருக்க அறக்கட்டளையின் உதவியோடு எடுக்கப்பட்ட நகல் என்று விளக்கம் எழுதினார். அருமையான யோசனை என்று பாராட்டு வந்தது. நகலையும் மூலத்தையும் வரிவரியாகச் சரிபார்க்கும்படி உத்தரவு வந்தது. ஒரே ஒரு வரியைத் தவிர எல்லா வரியும் சரியாக இருந்தன.

ஜனவரியில் ஒரு மத்தியானம் பாலகோபால் மாதா கோயில் வீதிக்கு வந்தார். அந்தோணி வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை. கையில் ஒரு கவர்.

"தபால்ல அனுப்பச் சொன்னாங்க. மனசு கேக்கலீங்க" என்றார். "மூலத்துல இல்லாத ஒரே ஒரு பேரு உங்களுதுங்க. பதிவு பண்ணாம விட்டுப்போன இறப்புன்னு கண்டுபுடிச்சு, உடனே பதிஞ்சுபோட்டாங்க. தாமதத்துக்கு நகராட்சி வருத்தம் தெரிவிக்குது."

அந்தோணி கவரைப் பிரித்தார். இறப்புச் சான்றிதழ். பெயர் சரி. தகப்பன் பெயர் சரி. வயது சரி. இறப்புக்கான காரணம்: வர லேட்டாயிருச்சு.

நாலைந்து தடவை படித்தார். அதில் அடிக்க வேண்டிய எழுத்து ஒன்றும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை.

"அமலி...?" என்று மட்டும் கேட்டார்.

"அவங்க மேடையேறுன போட்டோ இருக்குதுல்லீங்க. அதனால எம்பத்தொம்பது பதிவு தப்புன்னு ரத்துப் பண்ணிப்போட்டாங்க. இப்ப அவங்கதான் உங்க வாரிசு. சான்றிதழ் கெடைச்சுதுன்னு இதுல அவங்க கையெழுத்து வேணுங்க." பாலகோபால் ஒரு நோட்டை நீட்டினார். பிறகு, உதவி செய்கிற குரலில், தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நானே போட்டுறட்டுங்களா? ஒரு வருசமா அவங்க பேரை எழுதி எழுதிக் கை பழகியிருக்குது."

"வேண்டாங்க" என்றார் அந்தோணி. சான்றிதழைப் பத்திரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் திரும்பினார். "அமலி, கையெழுத்துப் போட வா. சார் நிக்கறாரு."

பாலகோபால் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.